நெட்டை வலது, குட்டை இடது

நாங்கள் சென்னைக்குப் போகிறோம் என்று தெரிந்ததும், ஃபெரோஸ்பூரில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "கொடுத்துவைத்தவள் நீ, சொந்த ஊருக்குப் போகிறாய்" என்றாள். என் சொந்த ஊர் திருநெல்வேலிக்கும் தெற்கே. சென்னையை நான் பார்த்தது கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ரயில் ஏறுகிற அவசரத்தில். இதை அவளுக்கு விளக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். விந்திய மலைக்குக் கீழே எல்லோரும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம் என்று நம்புகிறவளிடம் என்ன விளக்குவது? ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனேன்.

என் கணவர் ராணுவத்தில் நாயப் சுபேதார். அவரைக் காஷ்மீருக்குப் போட்டிருந்தார்கள். அங்கே குடும்பத்தை அழைத்துப் போகக் கூடாது. இந்த மாதிரி சமயத்தில் சர்க்கார் மிகுந்த கருணையோடு, விருப்பமான ஊரில் குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும். விருப்பமான ஊரில் வீடு இருக்கிறதா என்று கேட்காது. ராணுவக் குடியிருப்பில் இடம் கேட்டதற்கு, முறை வரும்போது சொல்கிறோம் என்றார்கள். வேலூர்ப் பக்கம் இவருடைய ஊரில் உள்ள வீட்டில் அண்ணன் குடும்பத்துக்கே கால் நீட்ட இடமில்லை. எங்கள் மகள் கவிதாவுக்கு ஒன்பது வயது. கணக்கை இந்தியில் போடுவாள், சண்டையைப் பஞ்சாபியில் போடுவாள், தமிழில் சாப்பாடு மட்டும் கேட்பாள். அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த மத்திய அரசுப் பள்ளி அடையாற்றில் இருந்தது. ஆகவே சென்னை எங்களுக்கு விருப்பமான ஊர் ஆயிற்று.

இவருடைய விடுப்பு முடிவதற்குள் எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று வீடு. இன்னொன்றை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கன்டோன்மென்டில் நடுமத்தியானம் யாராவது வாங்களேன் என்று கூப்பிட்டால் நாலு வாசலில் தலை நீளும். இவர் மலைமேல் இருக்கும்போது என் வாசலில் தந்திக்காரர் வந்து நின்றால், நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு எந்த புரோக்கர் கமிஷன் வாங்குகிறார் என்று தெரியவில்லை.

சென்ட்ரலில் இறங்கியபோது மே மாதத்து வெயில் எங்களை வரவேற்றது. வேறு யாரும் வரவில்லை. எங்கள் சொத்து முழுவதும் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் இவருடைய பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். ஊர் மாறும்போதெல்லாம் பழைய எழுத்தை அழித்துப் புதிதாக எழுதுவார். எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்து போனதுண்டு, வெள்ளைப் பெயின்ட் தீர்ந்ததில்லை.

இத்தனை வருஷ வடநாட்டு வாசத்தில் இவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர் யாரைப் பார்த்தாலும் வாயில் இந்திதான் வரும். போர்ட்டரிடம் இந்தி, ஆட்டோக்காரரிடமும் இந்தி. ஆட்டோக்காரர் மிகவும் மரியாதையாக எங்களை ஏற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் இடது பக்கம் நீலமாக என்னவோ விரிந்தது. வாழ்க்கையில் கடலே பார்த்திராத கவிதா சீட்டில் ஏறி நின்று கூச்சல் போட்டாள். நாங்கள் போக வேண்டியது மேற்கு மாம்பலம்.

இவர் என் பக்கம் திரும்பி, "மாம்பலத்துக்குக் கடலோரமாவா போவாங்க?" என்று தமிழில் கேட்டார். ஆட்டோ வேகம் குறைந்தது.

"இன்னா சார், தமிழா நீங்க? மொதல்லயே சொல்லிக்கினு ஏறக்கூடாதா? சேட்டுன்னு நெனச்சு பீச்ச காட்டிக்கினு வரேன்."

"இப்பத் தெரிஞ்சிருச்சில்ல? கொறச்சு வாங்கிக்க."

"அதெப்பிடி சார்? பாத்த கடல திருப்பிக் குடுப்பியா நீ?"

நாயப் சுபேதார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேற்கு மாம்பலத்தில் இவருடைய பழைய சிநேகிதர், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள போர்ஷனில் குடும்பத்தோடு இருந்தார். அதில் பாதியை எங்களுக்குக் கொடுத்தார். பெட்டிகளை நடைபாதையில் அடுக்கியதில் மற்ற போர்ஷன்காரர்கள் பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். மின்சார ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. ஃபெரோஸ்பூரில் எங்கள் வீட்டு முன்னால் நின்ற வேப்பமரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் இந்த முழு வீட்டையும் வைத்துவிடலாம். அந்த மரங்களுக்கு அடியில் காவியும் வெள்ளையும் பூசியிருப்பார்கள். அசையாமல் நிற்கிற எதற்கும் வெள்ளையடித்துவிடுவது எங்கள் கன்டோன்மென்டின் தர்மம்.

மறுநாள் காலை அந்த வீட்டு அம்மாள் சுடச்சுட இட்லியும் கொத்சும் வைத்தாள். பஞ்சாபில் எத்தனை குளிர்காலம் இந்த இட்லியை நினைத்து ஏங்கியிருக்கிறேன். புளிக்காத மாவைப் பஞ்சுப் போர்வையான ரஜாய்க்குள் வைத்துத் தூங்கியவள் நான். கண்ணில் நீர் வராத குறையாக ஒரு விள்ளல் வாயில் போட்டேன். பக்கத்தில் கவிதா தட்டைத் தள்ளிவிட்டு, "ஆலு பராட்டா இல்லையா?" என்று இந்தியில் கேட்டாள். என்ன கேட்கிறாள் குழந்தை என்று அந்த அம்மாள் விசாரித்தாள். இன்னும் ரெண்டு இட்லி கேட்கிறாள் என்றேன். கவிதா என்னை மன்னிக்க மத்தியானம் ஆயிற்று.

அன்று பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டு தியாகராய நகர் போனோம். ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டியதில்லை. நுழைகிற இடத்தில் நின்றால் போதும், ஜனமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் மறுமுனையில் இறக்கிவிடும். வழியில் தப்பித்தவறி ஒரு கடைக்குள் ஒதுங்கிவிட்டால் எதையாவது வாங்காமல் வெளியே வர வழியில்லை. அப்படித்தான் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் வாங்கினோம். வீடே இல்லாதவர்களுக்குக் குடம் எதற்கு என்று இவர் கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஊருக்குப் புதுசாம்மா? ஒண்ணு பத்தாது, இன்னும் எடுத்துக்கங்க" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நல்ல வியாபாரிகள் காரணம் சொல்வதில்லை.

கவிதாவைச் சமாதானப்படுத்த ஒரு ஓட்டலில் சோலே பட்டூரா வாங்கிக் கொடுத்தோம். வட இந்தியச் சாப்பாடு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அவள் அதை விரலால் குத்திக் காற்றை இறக்கினாள். கொண்டைக்கடலையில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "அம்மா, இதில் சாம்பார் போட்டிருக்கிறார்கள்" என்று இந்தியில் முறையிட்டாள். குழந்தைக்கு நாக்கு சரியாகத்தான் இருந்தது.

பிறகு வீடு தேடும் படலம். தேனாம்பேட்டையில் ஒரு வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மிலிட்டரி என்றால் தனக்கு உயிர் என்றார். தேசம், தியாகம், எல்லை என்றெல்லாம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாசா மாசம் கேன்டீன்ல பாட்டில் குடுப்பாங்களே, அத நம்ம பக்கம் தள்ளிவிட்டீங்கன்னா வீடு உங்களுக்குத்தான்" என்றார். என் கணவர் குடிப்பதில்லை. ஆனாலும் தேசபக்தியின் விலை இவ்வளவுதானா என்ற வருத்தத்தில் எழுந்து வந்துவிட்டார்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. திறந்ததும் ஊதுவத்தி வாசனை, உள்ளே யாரோ வீணை பழகிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரப் பெரியவர் எங்களை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். அந்தக் காபிக்காகவே அங்கே குடியிருக்கலாம். பிறகு, "மிலிட்டரிங்கறேள். எங்காத்துல வெங்காயமே எண்ணிண்டுதான் உள்ள வரும். நீங்க சாப்பிடறத நான் தப்புன்னு சொல்லலை. ஆனா ஒத்துவராது பாருங்கோ" என்றார். இவ்வளவு மரியாதையாக யாரும் எங்களை வெளியே அனுப்பியதில்லை. வாசல்வரை வந்து, பஸ் எங்கே நிற்கும் என்றுகூட அவரே காட்டினார்.

கடைசியில் வீடு கிடைத்தது அடையாறும் தாண்டி, ஊரூர் குப்பத்துக்குப் போகிற ஒரு சந்தில். மாடியில் வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார், கீழே எங்களுக்கு. மாமி மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். கணவர் கடற்காற்றுக்கு ஆசைப்பட்டு இங்கே வீட்டைக் கட்டிவிட்டுக் காலமாகிவிட்டார். அதை ஒரு நாடு கடத்தலாகவே மாமி இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார். "அங்க கோபுரம் பாத்துண்டு எழுந்திருப்பேன். இங்க கருவாடு மோந்துண்டு எழுந்திருக்கேன். இதான் என் தலைல எழுதின லிபி" என்றார். எங்கள் கதையைக் கேட்டதும் கொஞ்சம் இளகினார். ஒரே ஒரு நிபந்தனை, ஆத்துக்குள்ளே மீன் கூடாது. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பி, வங்காள விரிகுடாவின் மீன் மொத்தமும் கூடத்துக்குள் வந்துவிட்டுப் போயிற்று. நாங்கள் மூவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

ராணுவக் குவார்ட்டர்ஸில் குடி போகும்போது சர்க்கார் ஆள் ஒருவர் கூடவே வந்து பல்பு, குழாய், தாழ்ப்பாள் எல்லாம் எண்ணிக் கொடுப்பார். காலி செய்யும்போது எண்ணி வாங்குவார். அந்தப் பழக்கத்தில் இவர், பல்பெல்லாம் எத்தனை என்று கேட்டார்.

"பல்பா? முன்னாடி இருந்தவா கழட்டிண்டு போயிட்டா."

"ஃபேன்?"

"கொக்கி இருக்கே, பாக்கலியா?"

இவர் அண்ணாந்து கொக்கியைப் பார்த்து, திருப்தியோடு தலையாட்டினார். வாங்கியதாகக் கையெழுத்துப் போட எதுவும் இல்லாததுதான் அவருக்குக் குறை.

தண்ணீரைப் பற்றி மாமி குடிவந்த பிறகுதான் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், மனசைக் கல்லாக்கிக்கொண்டால் பாத்திரம் தேய்க்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஒருநாள் விட்டு ஒருநாள் சந்து முனையில் லாரி வரும். மாமிக்கு வேண்டியதை மட்டும் குப்பத்துத் தனம் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்துவிடுவாளாம். அதற்குப் பதிலாகத் தனத்தின் மீன் கூடை மாமி வீட்டு மதில் நிழலில் இருக்கலாம். நிழல் ஆத்துக்குள்ளே சேர்த்தி இல்லை என்பது மாமியின் சாஸ்திரம். ரங்கநாதன் தெருக் கடைக்காரர் ஒரு குடம் பத்தாது என்று ஏன் சொன்னார் என்பது அப்போது புரிந்தது. போய் இன்னும் சில குடங்கள் வாங்கி வந்தேன்.

லாரி வருகிற நாள். விடிந்ததும் இவர் வழக்கம்போலக் கடற்கரையில் ஓடிவிட்டுத் திரும்பும்போது சந்து முனையைப் பார்த்திருக்கிறார். முதல் நாள் சாயங்காலமே கொண்டுவந்து வைத்த குடங்கள் வரிசையாக நின்றன. வரிசை என்று நான் சொல்கிறேன், இவர் கண்ணுக்கு அது கலவரமாகத் தெரிந்திருக்கிறது. நெளிந்து வளைந்து, பெரிய குடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சொம்பு, அதற்குப் பக்கத்தில் பெயின்ட் வாளி, கடைசியில் ஒரு பித்தளைத் தவலை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அரைச் செங்கல். மனிதர் யாரும் இல்லை. மற்றவர்கள் என்றால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பதினாறு வயதில் படையில் சேர்ந்தவரால் அப்படிப் போக முடியாது.

பரேடில் ஆட்களை நிறுத்தும்போது ஒரு கட்டளை உண்டு. நெட்டை வலது, குட்டை இடது, ஒரே வரிசையில் நில் என்று இந்தியில் கத்துவார்கள். அப்படியே செய்திருக்கிறார். தவலை வலது கோடியில், பிறகு பெரிய குடங்கள், பிறகு வாளிகள், இடது கோடியில் சொம்பு. எங்கள் குடங்களும் உயரத்துக்கு ஏற்ற இடத்தில். செங்கல்லை எடுத்துக் குப்பைமேட்டில் எறிந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, "சந்து மொனையில ஒரே அலங்கோலம். சரி பண்ணிட்டேன்" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளையடிக்காததுதான் பாக்கி.

லாரியின் ஹாரன் கேட்டதும் நாலா பக்கமிருந்தும் பெண்கள் ஓடிவந்தார்கள். ஓடிவந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த ஊரில் குடம்தான் ஆள். குடம் நிற்கிற இடம்தான் அவள் நிற்கிற இடம். முதலில் நின்றவள் நடுவில் இருந்தாள், கடைசியில் நின்றவள் தவலை வைத்திருந்த ஒரே காரணத்தால் முதலில் இருந்தாள். தவலைக்காரி இதை ஆண்டவன் கொடுத்தது என்று ஏற்றுக்கொண்டு லாரி பக்கம் நகர்ந்தாள். அடுத்த நிமிஷம் அவள் கொண்டை இன்னொருத்தி கையில் இருந்தது. ரப்பர் குழாயை நாலு பேர் நாலு திசையில் இழுத்தார்கள். தண்ணீர் தெருவில் ஓடிற்று. குடிக்கிற தண்ணீர், எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் மண்ணில் ஓடிற்று. லாரிக்காரர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் கடற்கரையில் மீன் எடுத்துக்கொண்டு, தலையில் கூடையோடு தனம் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கூடையை இறக்காமலே வரிசையின் தலைமாட்டைப் பார்த்தாள்.

"என் கல்லு எங்க?"

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

"நான்தாம்மா எடுத்துப் போட்டேன். செங்கல்லு நடுவுல கெடந்துச்சு..."

"கெடந்துச்சா? அது கெடக்கல நைனா, நின்னுக்கினு இருந்துச்சு. விடியறப்ப நான் மீனு எடுக்கப் பூட்டா, எனக்கு யாரு நிப்பா? அதான் நிக்கும்."

"ஒழுங்கா இல்லாம இருந்துச்சு. நெட்டை வலது, குட்டை இடதுன்னு..."

"இன்னாது? நெட்டயா? இது இன்னா, கொடத்துக்கு கல்யாணமா, ஜோடி பாக்குறதுக்கு? ஒன் வேலய பார்டர்ல வச்சுக்க. அங்க போயி அவனுங்கள நிக்க வை, நெட்டயும் குட்டயுமா."

இவர் குப்பைமேட்டுக்குப் போனார். அங்கே வஞ்சனை இல்லாமல் செங்கல் துண்டுகள் கிடந்தன. மூன்றைக் கொண்டுவந்து வைத்து, இதில் எது என்று கேட்டார். தனம் ஒன்றைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"மிலிட்டரி வூட்டுக் கொடம் இனிமே கடேசி. எப்ப வச்சாலும் கடேசி."

அன்றைக்கு ஒரே நாளில் அந்தச் சந்தில் எங்களை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் எங்களோடு பேசவில்லை. மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவா வரிசையில நான் தலையிட்டுக்கறதில்லைடீம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆள்தான் இல்லை. இருந்தவர்களையும் இவர் உயரவாரியாக நிறுத்திவைத்து விரட்டியாயிற்று. இன்னும் சில நாளில் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், இந்தச் சந்தில் மூஞ்சியைக் காட்டிக்கொண்டு இருக்கப் போகிறவள் நான். அதை அவரிடம் சொன்னேன். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று கவிதா பிறகு சொன்னாள்.

நாயப் சுபேதார்கள் மன்னிப்புக் கேட்பதில்லை. அதற்கென்று கட்டளை எதுவும் கிடையாது போலிருக்கிறது. அதற்குப் பதிலாக, அடுத்த தடவை லாரி வந்தபோது அவரே குடங்களோடு போய் வரிசைக் கடைசியில் நின்றார். குடத்தை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் வெயிலில் விறைப்பாக, குதிகால் சேர்த்து நின்றார். பெண்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மேஜரு, ஒரு கொடம் சாய்ஞ்சிருக்குது பாரு" என்று ஒருத்தி சொன்னாள். இவர் சாயாத குடத்தைக் குனிந்து பார்த்தார். எங்கள் முறை வரும்போது லாரியில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது. ஒரு குடமும் அரைக் குடமும் கிடைத்தன.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இவர் பெட்டியில் புது விலாசம் எழுத வெள்ளைப் பெயின்டை எடுத்தார். எழுதி முடித்து மிச்சம் இருந்தது. பிரஷ்ஷோடு சந்து முனைக்குப் போய்விட்டார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மறுநாள் வரிசைக்காகத் தலைமாட்டில் நின்ற தனத்தின் செங்கல்லுக்கு, அதை நகர்த்தாமல், குந்தி உட்கார்ந்து நாலு பக்கமும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். தனம் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒழுங்கா பூசு. அந்த மூல வுட்டுப்போச்சு" என்பது மட்டும் காதில் விழுந்தது.

விதி சும்மா இருக்குமா? இவர் ரயிலும் லாரியும் ஒரே காலையில். தண்ணீர் பிடிக்க நின்றால் இவரை வழியனுப்ப முடியாது. வழியனுப்பப் போனால் இரண்டு நாளைக்குச் சமைக்கத் தண்ணீர் இல்லை. "நீ தண்ணியப் பாரு. நான் என்ன கொழந்தையா, ரயில் ஏத்திவிட?" என்றார். நான் குடங்களைக் கொண்டுபோய் வழக்கம்போலக் கடைசியில் வைத்தேன், கவிதாவின் சின்னச் சொம்பு உட்பட. பிடிக்க ஆளில்லாத குடங்களை அங்கே ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு அவரோடு கிளம்பினேன். தண்ணீரை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சென்ட்ரலில் அவரைப்போலப் பலபேர் கறுப்புப் பெட்டிகளோடு நின்றார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் தயிர்சாதம் புளிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொன்னேன். அவர் கவிதாவிடம், அம்மாவைப் பார்த்துக்கொள் என்று இந்தியில் சொன்னார். அவள் சல்யூட் அடித்தாள். ரயில் நகர்ந்தபோது, குடத்தைச் சாயாமல் வை என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டவள் நான். அழவில்லை. அங்கே அழுதால் அத்தனை பெண்களும் ஆரம்பித்துவிடுவார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. "உள்ள போ, உள்ள போ, உள்ள மைதானமே கீது" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார். அந்த மைதானத்தில் கவிதாவின் ஒரு செருப்பு தொலைந்தது. ஒற்றைச் செருப்போடு சூடு தாங்காமல் நொண்டிக்கொண்டு அவளும், அவளைப் பாதி தூக்கிக்கொண்டு நானும் சந்துக்குள் நுழைந்தோம். லாரி எப்போதோ போய்விட்டது. தெரு ஈரம்கூடக் காய்ந்துவிட்டது. முனையில் ஒரு குடமும் இல்லை. எங்கள் குடங்களையும் காணோம். குடமும் போயிற்றா என்று நினைத்தேன். அடுத்து அழலாம் என்றும் தீர்மானித்தேன்.

எங்கள் வாசல்படிக்குக் கீழே குடங்கள் நின்றன. எல்லாம் விளிம்புவரை தண்ணீரோடு நின்றன. வலது கோடியில் பெரிய பச்சைக் குடம். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை. இடது பக்கத்தில் கவிதாவின் சொம்பு. நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. சொம்புக்கும் இடது பக்கத்தில், எல்லாவற்றிலும் குட்டையாக, வெள்ளையடிக்காத ஒரு அரைச் செங்கல் இருந்தது.

மதில் நிழலில் கூடைக்குப் பக்கத்தில் தனம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா, கரெக்டா கீதா? நெட்ட ரைட்டு, குட்ட லெஃப்ட்டு."

கவிதா அப்பா நிற்பதுபோல நின்று, இடமிருந்து வலம் பார்த்துவிட்டு, "டீக் ஹை" என்று இந்தியில் சரி சொன்னாள்.

"ஏத்திவுட்டியா அவர?"

தலையாட்டினேன். அதற்குமேல் முடியவில்லை. சென்ட்ரலில் தேக்கிவைத்தது எல்லாம் அங்கே, தெருவில், ஒரு மீன் கூடைக்கு முன்னால் வந்துவிட்டது. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை தனம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் மாமி ஜன்னலைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடாமல் நின்றார்.

"அந்தக் கல்லு ஒன்னுது" என்றாள் தனம். "நீ எங்கனா போனா வச்சுட்டுப் போ. அது நிக்கும். பெயின்டு நீயே அடிச்சுக்க. ஆனா கடேசிலதான். சொன்னது சொன்னதுதான்."

சரி என்றேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றி, குப்பத்துப் பக்கம் நடந்தாள்.

கவிதா சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் செங்கல்லைக் கையில் எடுத்தேன். வெயிலில் கிடந்து சூடாக இருந்தது. தனம் சந்து முனைவரை போய்விட்டாள்.

"தனம்" என்று கூப்பிட்டேன்.

கூடையோடு அப்படியே திரும்பிப் பார்த்தாள். "இன்னா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "சும்மாதான்."